துரையின் காருக்கு இரண்டு கேன் பெட்ரோல்

பட்டாளத்தில் கழித்துவிட்ட பச்சை நிறக் கேன்கள் அவை. ஒவ்வொன்றும் இருபது லிட்டர் கொள்ளும். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறம், அடுப்படியிலிருந்து தள்ளி ஒரு தட்டைக்கல்லின் மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றின் மூடி சரியாக இறுகாது. சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி என் வீட்டுக்காரர் அதற்கு வாஷர் போட்டிருந்தார். பெட்ரோலில் ஊறி அது மாதத்துக்கொருமுறை உப்பிப்போகும்; திரும்ப ஒன்றை வெட்டுவார். எங்கள் வீட்டில் துணியில் பெட்ரோல் வாசனை, பாயில் பெட்ரோல் வாசனை, சில நாள் ரசத்தில்கூடப் பெட்ரோல் வாசனை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் பக்கத்தில் வந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு சிரிக்கும். பெட்ரோல் டீச்சர் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

கேரள எல்லைக்குள், பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அவர் அங்கே ஜீப் டிரைவர். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். அவருடைய அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து கொழுந்து எடுத்தவர்கள். இவர் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, லாரியில் கிளீனராக ஏறி, ஸ்டியரிங்குக்கு நகர்ந்து, முப்பது வயதில் துரையின் ஜீப்புக்கு வந்து சேர்ந்தவர். ஜீப் டிரைவர் என்றால் பங்களாவுக்குக் கீழே இரண்டறை வீடு, தனிக் குழாய், தனிக் கக்கூஸ். அதுவரை பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாயடியில் வரிசை நின்ற எனக்கு அது அரண்மனைதான். ஜீப் கையை விட்டுப் போனால் வீடும் போகும். மறுபடி லயத்துக்குத்தான். அது எங்கள் இருவருக்கும் தெரியும், அதனால் பேசிக்கொள்வதில்லை.

மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொள்வோம். அதாவது, அவர் கேட்பார், நான் சொல்வேன். எட்டாவதோடு படிப்பை விட்டவர். நான் டிரெயினிங் முடித்தவள் என்பதில் அவருக்கு என்னைவிடப் பெருமை. ஜீப்புக்கு என்ன டயர் எழுதிக் கொடுப்பது என்பதிலிருந்து தங்கச்சி கல்யாணத்துக்கு யாரை அழைப்பது என்பது வரை, வேலை முடிந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். "டீச்சரம்மா என்ன சொல்லுதீய?" கேலிதான். ஆனால் கேலி மாதிரி கேட்டுவிட்டு நான் சொன்னதைத்தான் செய்வார். கல்யாணமான புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பிறகு பழகி, பிறகு அது இல்லாமல் சாயங்காலமே இல்லை என்று ஆகிவிட்டது.

இனி அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுவிட்டுப் போன கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, மழை வந்தால் கித்தான் இழுத்து மூட வேண்டும். பச்சை நிறம், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். தோட்டத்தில் அதற்குத் தவளை என்று பெயர். அடுத்து வந்த துரை வடக்கத்திக்காரர், கல்யாணம் ஆகாதவர், அதிகம் பேசமாட்டார். தவளையை வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டிக்கானம் வளைவுகளில் அவர் அதை விரட்டுகிற சத்தம் மலை முழுக்கக் கேட்கும். மற்ற ஆறு நாளும் ரெஜிஸ்டர், கொழுந்து எடை, யூனியன் சண்டை என்று இருக்கும் மனிதர்; அந்த ஒரு காலைப்பொழுதுதான் அவருக்கு என்று இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை.

தவளைக்குச் சாதா பெட்ரோல் ஆகாது. கார்ப் பந்தயத்துக்காகச் செய்த எஞ்சின், உள்ளே அழுத்தம் அதிகம், சாதா பெட்ரோல் அந்த அழுத்தத்தில் நேரத்துக்கு முன்பே வெடித்துவிடும். அப்போது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவது போல ஒரு சத்தம் வரும். எஞ்சின் அடிக்கிறது என்பார்கள். அப்படி அடிக்கவிட்டால் பிஸ்டன் போய்விடும். அதனால் தொண்ணூற்று மூன்று என்று சொல்லப்பட்ட பிரீமியம் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். எங்கள் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் அது கிடையாது. குமுளி தாண்டி மலையிறங்கிக் கம்பத்துக்குப் போக வேண்டும். "தொரை காருக்குப் பாலு, நம்ம ஜீப்புக்குக் கழனித்தண்ணி" என்று ஆபீஸ் கிளார்க் சொல்லிச் சிரிப்பார். முதலில் இதில் ஒரு சிரமமும் இல்லை. சனிக்கிழமை பங்களாவுக்குச் சாமான் வாங்க ஜீப் கம்பத்துக்குப் போகும். திரும்பும்போது இரண்டு கேனும் நிறைந்து வரும்.

பெட்ரோல் விலை தலைதெறிக்க ஏறிய வருஷம் அது நின்றுபோனது. கம்பெனி ஜீப்புகள் தோட்டத்து வேலைக்குத் தவிர எல்லை தாண்டக்கூடாது என்று தலைமை ஆபீசிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எத்தனையோ தோட்டங்களில் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்திருப்பார்கள். எங்கள் துரை அப்படிப்பட்டவர் இல்லை. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். தன் சொந்தக் காரின் பெட்ரோலுக்காகக் கம்பெனி ஜீப் ஒரு அடி நகரக்கூடாது என்றார். பங்களாச் சாமானுக்குச் சமையல்காரர் பஸ்ஸில் போய் வந்தார். பெட்ரோல் கேனை எந்தப் பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை உனக்கு முடிந்தால் கொண்டுவா" என்று இவரிடம் சொன்னார். முடியாது என்று துரையிடம் எந்த டிரைவர் சொல்வான்? துரையின் நேர்மை எங்கள் வீட்டுக்காரர் தோளில் ஏறியது.

வாரத்தில் ஒரே லீவு நாள். வண்டிப்பெரியாறு சந்தையில் காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் விடியும்போது தொற்றிக்கொள்வார். கம்பத்தில் கேன்களை நிரப்பிக்கொண்டு மேலே வர ஒரு லாரிக்காகக் காத்திருப்பார். நாற்பது லிட்டர் பெட்ரோலை ஏற்றிக்கொண்டால் மலையேறி முடிக்கும் வரை பீடி குடிக்க முடியாது என்பதால் பாதி டிரைவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குமுளி செக்போஸ்டில் ஒவ்வொரு வாரமும் இறக்கி மூடியைத் திறந்து காட்ட வேண்டும். "எந்தா இது, கடத்தலோ?" என்பாராம் அங்கே நிற்பவர். "தொரையோட கத்து இருக்கு சார்" என்று இவர் கடிதத்தை நீட்டுவார். அவரும் சிரிப்பார், இவரும் சிரிக்க வேண்டும். பிறகு மெயின் ரோட்டில் இறங்கி, ஒரு கம்பின் இரண்டு முனையிலும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒன்றரை மைல் ஏற்றம். மழைக்காலத்தில் அட்டை வேறு. வீட்டுக்கு வரும்போது வலது தோள் கன்றிச் சிவந்திருக்கும். நான் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பேன். தேய்க்கும்போதே தூங்கிவிடுவார். திங்கள் காலை ஏழு மணிக்கு ஜீப்.

எட்டு மாதம் இப்படிப் போனது. எனக்குச் சலித்துவிட்டது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் மேல் இரக்கம் இருந்தது, ஆனால் இரக்கத்தைவிட அலுப்புதான் அதிகம். வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு ஞாயிறும் தனியாக உட்கார்ந்து, சாயங்காலம் பெட்ரோல் நாறும் சட்டையை ஊறவைப்பதுதான் என் குடித்தனமா என்று இருந்தது.

ஒரு நாள் அவர் ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். தவளையோடு வந்த கையேடு; ஆயில் பார்ப்பதற்காகத் துரை கொடுத்தது. கால் கழுவிவிட்டு உட்கார்ந்து, "பெட்ரோலப் பத்தி இதுல என்னமோ எழுதியிருக்காம். சாதா ஊத்துனா என்னன்னு பாத்துச் சொல்லேன்" என்றார். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். உயர்ந்த ரகம்தான் ஊற்ற வேண்டும் என்று இருந்தது. வேறு வழியில்லாமல் தாழ்ந்த ரகம் ஊற்றினால் எஞ்சின் அடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும், அடித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. கடும் வெயிலில், நீண்ட நேரம், அதிக வேகத்தில் தாழ்ந்த ரகத்தில் ஓட்டவே கூடாது. அதையும் படித்தேன். இந்த மலையில் எங்கே வெயில், எங்கே நீண்ட ரோடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன்.

"சத்தம் வராத வரைக்கும் பயமில்லையாம். ஊத்திப் பாருங்க" என்றேன்.

அவர் புத்தகத்தை வாங்கி மூடினார். "நீ சொன்னாச் சரி" என்றார்.

பக்கத்துப் பங்கில் சாதா வாங்கி ஊற்றிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. இந்த உயரத்தில் காற்றே லேசு, எஞ்சினுக்குள் போகிற மூச்சும் குறைவு, அதனால் சாதா பெட்ரோலும் அடங்கிக் கிடக்கும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: துரை வழக்கம்போல வளைவுகளில் விரட்டினார், திரும்பி வந்து சாவியைக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பிரீமியம் என்பதே சாயம் போட்ட தண்ணிதானோ என்றுகூட நாங்கள் பேசிச் சிரித்தோம். இருந்தாலும் என் வீட்டுக்காரர் ஜாக்கிரதையான ஆள். கடைசியாகக் கம்பத்திலிருந்து வந்த ஒரு கேன் தொண்ணூற்று மூன்றை அப்படியே வைத்திருந்தார். நீண்ட ரோட்டில் சாதாவை நம்ப அவருக்குப் பயம்; கீழே சமவெளிக்குப் போவதென்றால் துரை முதல் நாளே சொல்லிவிடுவார். அன்று ராத்திரி சாதாவை வடித்துவிட்டு நல்லதை ஊற்றினால் போயிற்று. துரை கொடுத்த பணத்தில் மிஞ்சியதை ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு வைத்தார். தொடவில்லை. எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

பிறகு வந்த நான்கு மாதங்களைப் போல நாங்கள் சந்தோஷமாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்கினார். வெங்காயம் உரித்துக் கொடுத்தார். நானும் அவரும் பஸ் ஏறி ஏலப்பாறைக்குப் போய்ச் சும்மா நடந்துவிட்டு வந்தோம். தோளில் இருந்த கன்றல் மஞ்சளாகி மறைந்தது. பொய்யில் கிடைத்த ஞாயிறுகள் என்று அப்போது எனக்கு உறுத்தவே இல்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

சித்திரை மாதத்தில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. குமுளியில் எனக்கு ஒரு சேலை எடுக்கப் போயிருந்தோம். மத்தியானம் திரும்பி வந்தால் பங்களாக் காவல்காரர் வாசலில் நிற்கிறார். ஊரில் துரையின் அப்பாவுக்கு முடியவில்லை என்று காலையில் தந்தி வந்திருக்கிறது. மதுரையில் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். இவரைத் தேடி ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, துரையே தவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் பின்புறம் ஓடினார். நல்ல பெட்ரோல் கேன் கல்லின் மேல் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். போன் செய்யலாமா, யாருக்குச் செய்வது, லாரி பிடித்துப் பின்னால் போகலாமா என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கேன் மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தார்.

தேனி தாண்டி, நேர் ரோட்டில், உச்சி வெயிலில், எஞ்சின் அடிக்க ஆரம்பித்திருக்கிறது. துரைக்கு அந்தச் சத்தம் தெரியாததில்லை. ஆனால் நல்ல பெட்ரோல்தானே ஓடுகிறது, இது வேறு ஏதோ என்று நினைத்திருக்கிறார். ரயில் நேரம் வேறு. வேகத்தைக் குறைக்கவில்லை. ஆண்டிபட்டிக்கு முன்னால் புகை கிளப்பிக்கொண்டு நின்றுவிட்டது. பிஸ்டனில் ஓட்டை. பஸ் பிடித்து அவர் மதுரை போய்ச் சேர்ந்தபோது ரயில் போயிருந்தது. மறுநாள் வண்டியில்தான் போனார். தகனம் முடிந்த பிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தார்.

பதினைந்து நாள் கழித்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். அந்தப் பதினைந்து நாளும் நாங்கள் என்ன சாப்பிட்டோம், என்ன பேசினோம் என்று எனக்கு ஞாபகமில்லை. பங்கில் கலப்படம் என்று சொல்லிவிடலாம் என்று நான் ஒரு முறை சொன்னது மட்டும் ஞாபகமிருக்கிறது. "அங்க பம்பு அடிக்கிற பையனும் சம்பளத்துக்குத்தான நிக்கான்" என்றார். துரை வந்த அன்றே, கூப்பிடும் முன் அவராகப் பணம் இருந்த ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார். அங்கே நடந்ததை நாலே வாக்கியத்தில் வந்து சொன்னார். என்ன பெட்ரோல் என்று துரை கேட்டாராம். சாதா என்றாராம். யார் சொல்லி ஊற்றினாய் என்று கேட்டாராம்.

"யாரும் சொல்லல, நாந்தான்னு சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

துரை திட்டவில்லை. வேலையை விட்டு நீக்கவும் இல்லை. மாதக் கடைசியில் ஜீப்பிலிருந்து கொழுந்து டிராக்டருக்கு மாற்றி ஒரு தாள் வந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு கீழ் லயத்துக்குப் போனோம். பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய். நான் பழையபடி வரிசையில் நின்றேன். அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. குழாயடியில் நிற்பது உடம்பு மறக்காத பழக்கம்.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் போனதுதான் பெரிதாகத் தெரிந்தது. முதலில் ஒரு வாரம், ஒரு மாதம் என்று பார்த்தேன். டிராக்டரிலிருந்து இறங்கி வருவார், கால் கழுவுவார், சாப்பிடுவார். பேசாமலிருந்தார் என்று சொல்லமாட்டேன். மழை, கொழுந்து, யூனியன் எல்லாம் பேசுவார். ஆனால் கேட்கமாட்டார். மகள் பிறந்தபோது பெயரை அவரே முடிவு செய்துவிட்டு வந்தார். அவளைக் கம்பத்தில் ஹாஸ்டலில் விட்டது, ரிட்டயர் ஆன பிறகு கம்பத்தில் வீடு பார்த்தது, அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது எல்லாமே முடித்துவிட்டு எனக்குத் தகவலாகச் சொன்னவைதான். நல்ல முடிவுகள்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. என் பெயரைத் துரையிடம் சொல்லாமல் காப்பாற்றினார், அதற்கு வட்டியாக இந்தத் தண்டனை என்று நான் எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் அந்த இரண்டு வரியைத் தாண்டிப் போனவள் நான்தானே? ஆகவே வாயைத் திறக்காமல் அனுபவித்தேன். தண்டனை அனுபவிக்கிறோம் என்பதில் ஒரு சின்னக் கர்வம்கூட வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இது நடந்து முப்பது வருஷத்துக்குப் பிறகு, மாப்பிள்ளை புதுக் கார் வாங்கி எங்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்குக் கிளம்பினார். கம்பத்தை விட்டு வெளியே வரும்போது பெட்ரோல் போட நிறுத்தினார். பம்பில் நின்ற பெண் சாதாவா, பிரீமியமா என்று கேட்டாள். மாப்பிள்ளை திரும்பி, "மாமா, நீங்க டிரைவரா இருந்தவரு. எது போடலாம்?" என்றார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல், தானே ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு டயருக்குக் காற்றுப் பார்க்க இறங்கிப் போனார்.

பின் சீட்டில் நாங்கள் இரண்டு பேர். எனக்கு அன்று கோபம் ஒன்றும் இல்லை. முட்டிவலி, முதல் நாள் சரியான தூக்கமில்லை, அவ்வளவுதான். இனி எதற்காகப் பொத்தி வைப்பது என்று தோன்றியது.

"அன்னிக்குத் தொரைட்ட எம்பேரச் சொல்லாம விட்டீங்க. அதுக்குப் பதிலா முப்பது வருசம் எங்கிட்ட ஒண்ணுமே கேக்காம இருந்துட்டீங்க" என்றேன்.

பதில் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"நீ சொன்னதுக்காவ நான் ஊத்தலட்டி" என்றார். "அந்தப் பொஸ்தகத்தத் தூக்கிட்டு வரும்போதே ஊத்தணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். அவ்வளவு அலுப்பு எனக்கு. ஒரு வார்த்த ஒன் வாயில இருந்து வந்துட்டா, தப்பாப் போனாலும் நான் ஒருத்தன் மட்டும் இல்லன்னு ஒரு தைரியம். அதுக்குத்தான் ஒங்கிட்டக் கேட்டேன். யாரு சொல்லி ஊத்துனேன்னு தொரை கேட்டாரு பாரு, அப்ப ஒம்பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. முழுங்கிட்டேன். அதுக்கப்புறம் ஒங்கிட்ட ஒண்ணக் கேக்கணும்னு வாயத் தொறந்தா அதுதான் முன்னால வந்து நிக்கும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க?"

என் தண்டனை என்று நான் முப்பது வருஷம் சுமந்தது அவருடைய வெட்கம். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. லயத்துக் குழாயடி, மகளின் பெயர், கேள்வியே இல்லாமல் கழிந்த அத்தனை சாயங்காலங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

"நீயும்தான் கேட்டிருக்கலாம்."

புத்தகத்தில் கீழே இருந்த இரண்டு வரியைப் பற்றி அவரிடம் சொன்னேன், அப்போதாவது. படித்தேன், படித்துவிட்டுத்தான் சொல்லாமல் விட்டேன் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தெரியும் என்று ஆட்டினாரா, போகட்டும் என்று ஆட்டினாரா என்று கேட்கத் தெம்பில்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "கிளம்பலாமா மாமா?" என்றார். இவர் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்கப்பட்ட கேள்விக்கு என்னென்னவோ சொல்லியிருக்கலாம். களைப்பாக இருந்தது. "போலாம்" என்றேன்.